சிறுபான்மை மொழிகளும் திரையின் துணையெழுத்தும்

செவிக்கு ஒரு மொழியும் கண்ணுக்கு வேறொரு மொழியுமாக வாழும் மக்கள் உலகில் பலர். கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டியவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலே வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் அத்தகையோரே. லயத்திலே கேட்பது தமிழ். தோட்ட எல்லையைக் கடந்ததும் கண்ணிற் படுவது பெரும்பாலும் சிங்கள எழுத்து. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. எனினும், சட்டத்தில் இடம்பெற்ற மொழி நாள்தோறும் வாசிக்கப்பெறும் மொழியாகவும் இருந்தாலன்றி, அடுத்த தலைமுறையை முழுமையாகச் சென்றடையாது. நூல்கள் அருகியுள்ள இல்லங்களிலும் இன்று தொலைக்காட்சியோ கைத்தொலைபேசியோ உண்டு. ஆதலின், திரையின் அடியில் ஓடும் அச்சிறு துணையெழுத்து சிந்தித்தற்குரிய பொருளாகின்றது.

துணையெழுத்து இருவகைப்படும். பேச்சைப் பிறமொழியிற் பெயர்த்துக் காட்டுவது ஒன்று; பேசிய மொழியையே எழுத்திற் காட்டுவது மற்றொன்று.

முன்னையது சிறிய மொழிக்கு உலக அரங்கைத் திறந்துவிடுகின்றது. கனடாவின் வடபுலத்து இனுவிட் மக்கள் தம் தாய்மொழியிலேயே உருவாக்கிய 'அத்தனார்யுவாட்' என்னும் திரைப்படம், 2001ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதற்படத்துக்குரிய பொற்கமரா விருதைப் பெற்றது. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாதோர் துணையெழுத்தின் உதவியால் அதனைக் கண்டு மகிழ்ந்தனர்.

பின்னையது வாசிப்பை வளர்க்கின்றது. இந்தியாவில் பிரிஜ் கோத்தாரி என்பார் 1996ஆம் ஆண்டளவில் இக்கருத்தை முன்வைத்தார். 1999இல் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியிலும், 2002இல் தூர்தர்ஷனின் 'சித்ரஹார்' நிகழ்ச்சியிலும் பாடலின் மொழியிலேயே அதன் வரிகள் திரையில் ஓடலாயின. இம்முறையின் நுட்பம் எளியது. பாடல் முன்னரே மனப்பாடமானது. அடுத்த சொல் யாதென நா அறியும். அச்சொல் எழுத்தில் தோன்றும்போது ஒலியும் வடிவும் ஒன்றுபடுகின்றன. கற்பிப்பவர் இல்லாமலே கண் பயிற்சி பெறுகின்றது.

எனினும், துணையெழுத்து அமைப்பது எளிதன்று. திரையில் இரண்டு வரிக்கு மேல் இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் கிடைப்பது சில விநாடிகளே. தமிழோ வினை, காலம், இடம், எண் யாவற்றையும் ஒரே சொல்லில் அடக்குவது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்ற ஒரு சொல்லே கைத்தொலைபேசித் திரையில் ஒரு வரியின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆகையால், சுருக்குதல் தவிர்க்க முடியாதது.

சுருக்குதல் வேறு, மாற்றுதல் வேறு. மலையகத் தோட்டத்து முதியவள் ஒருத்தி, "பிரட்டுக்குப் பிந்திப் போனேன், அரைப்பேர்தான் போட்டாங்க" என்று சொல்வதாகக் கொள்வோம். இதனைத் துணையெழுத்தில், "தாமதமாகச் சென்றேன், அரைநாட் சம்பளமே கிடைத்தது" என்று திருத்தினால் பொருள் விளங்கும், வரலாறு மறைந்துவிடும். காலைதோறும் தொழிலாளரை வரிசையில் நிறுத்திய வழக்கத்தைப் 'பிரட்டு' என்னும் சொல் கூறுகின்றது. பெயர் பதிந்தாலன்றிக் கூலியில்லை என்னும் நியதியைப் 'பேர்' என்னும் சொல் கூறுகின்றது. காம்பிரா, பீலி, கொழுந்து முதலிய சொற்களும் அத்தகையனவே. அவற்றைப் பிழையென நீக்கும் துணையெழுத்து, பிள்ளைக்கு வாசிப்பைத் தந்து பாட்டியின் பேச்சைப் பறித்துவிடும். மலையகத்தின் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பதிவு செய்வோர் இதனை மறத்தலாகாது.

எழுத்து வடிவமே இல்லாத மொழிகளுக்கு இக்கேள்வி இன்னும் கடுமையானது. தம்பானை வேடுவரின் மொழிக்குத் தனி எழுத்தில்லை. அதனைத் திரையில் எழுதுமுன், எந்த எழுத்தில், எவ்வாறு எழுதுவது என்பதை அம்மக்களே முடிவு செய்தல் வேண்டும்.

இப்பணிக்குப் பெரும் நிலையம் வேண்டுவதில்லை. இன்று இணையத்தில் ஏற்றப்படும் காணொளிக்குக் கட்டணமின்றியே துணையெழுத்துச் சேர்க்கலாம். உயர்வகுப்பு மாணவர்கள் முதியோரின் இசைவு பெற்று அவர்தம் பேச்சைப் பதிந்து, ஒரு வரி ஒரு வரியாக எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டித் திருத்தலாம். அதனோடு சிங்களத் துணையெழுத்தும் சேருமாயின், அயற் கிராமத்தவரும் தம் அருகே வாழ்வோரின் கதையை அறிவர். தமிழ் வரி பிள்ளைக்கு; சிங்கள வரி அயலவர்க்கு. இரண்டும் வேண்டியனவே, ஆயின் தமிழ் வரியே முதலில் எழுதப்பெறல் வேண்டும்.