தெய்வபயம்

பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்தும் என்ற எச்சரிக்கையைக் கேளாது வளர்ந்த குழந்தை நம்மிடையே அரிது. சைவ வீடாயினும் கிறிஸ்தவ வீடாயினும் இவ்வச்சுறுத்தல் வேறுபடுவதில்லை. சொல்லுகின்ற தாயும் தீது கருதிச் சொல்வதில்லை. பிள்ளை நல்வழியில் நிற்கவேண்டுமென்ற ஆவலே அவளை அவ்வாறு பேசவைக்கின்றது. ஆயினும், அச்சொல் பிள்ளையின் உள்ளத்தில் எழுதிவிடும் தெய்வத்தின் உருவம் யாது? கையில் ஊசியுடன் மறைந்து நின்று, தவறு எப்பொழுது நிகழுமென்று காத்திருக்கும் ஒருவரின் உருவமன்றோ? அப்பிள்ளை வளர்ந்தபின், வீட்டில் நோயோ இழப்போ நேரும்போது, என்ன பாவத்துக்காக இத்தண்டனை என்று ஏங்கி, துன்பத்தின்மேல் இன்னொரு துன்பத்தையும் சுமக்கின்றது. வேறு சிலர் அவ்வுருவத்தை வெறுத்துச் சமயத்தையே கைவிட்டுவிடுகின்றனர். ஆதலின், கிறிஸ்தவ சமயம் போற்றும் தெய்வபயம் எத்தகையது என்று ஆராய்தல் வீண்முயற்சியாகாது.

முதலிற் சொல்லை நோக்குவோம். வேதாகமத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுந்தது. அங்கே பயத்தைக் குறிக்க வரும் 'யிர்ஆ' என்னும் சொல், நடுக்கத்தையும் வணக்கத்தையும் ஒருங்கே உணர்த்துவது. நாம் பயம் என்றும் பக்தி என்றும் பிரித்து வழங்குவதை அம்மொழி ஒரே சொல்லில் அடக்குகின்றது. பயபக்தி என்னும் நமது வழக்கு அதற்கு மிக அண்மையில் நிற்கின்றது. நீதிமொழிகள் என்னும் நூல் தெய்வபயத்தை ஞானத்தின் தொடக்கமாகக் கொள்வதும் இப்பொருளிலேயாம்.

சொல் ஒன்றாயினும் அச்சம் ஒருவகைப்பட்டதன்று. இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் பிரம்பை மேசைமீது வைத்துக்கொண்டே நான் பாடம் நடத்துவேன். நான் வகுப்பில் இருக்கும்வரை அமைதி நிலவும். வாயிலைக் கடந்ததும் சந்தை இரைச்சல் எழும். அடுத்த வகுப்பில் முதிய ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பிரம்பைத் தொட்டறியார். அவர் வெளியே சென்றிருந்த வேளையிலும் மாணவர் தம் வேலையைச் செய்துகொண்டிருப்பர். ஒருநாள் அம்மாணவரில் ஒருவனை அழைத்துக் காரணம் வினவினேன். "வாத்தியாருக்கு மனம் நோகும், ஐயா" என்றான். என் மாணவர் என் கைக்கு அஞ்சினர். அவர் மாணவர் அவருடைய மனத்துக்கு அஞ்சினர்.

இவ்விருவகை அச்சத்தையும் வேதாகமம் ஒரே காட்சியிற் காட்டுகின்றது. சீனாய்மலையில் இடியும் மின்னலும் புகையும் கண்டு இஸ்ரவேல் மக்கள் தூரத்தே ஒதுங்கி நின்றனர். அவர்களை அஞ்சவேண்டாமென்று தேற்றிய மோசே, அதே மூச்சில், பாவஞ் செய்யாதபடி அவர்களுக்குத் தெய்வபயம் உண்டாகவேண்டுமென்றும் கூறுகின்றார். முரண்போலத் தோன்றும் இக்கூற்று யாத்திராகமத்தின் இருபதாம் அதிகாரத்தில் உள்ளது. இறைவனைவிட்டு ஓடச்செய்யும் அச்சத்தை மோசே விலக்கினார். இறைவழியில் நிறுத்தும் அச்சத்தையே வேண்டினார்.

அவ்வாறு நிறுத்தப்பட்டவன் செய்வது யாது? லேவியராகமத்தின் பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஒரு கட்டளை உண்டு. செவிடரைத் தூற்றாதே, குருடர் வழியில் இடறு பொருளை வையாதே என்று விலக்கி, உன் தேவனுக்குப் பயந்திரு என்று அது முடிகின்றது. செவிடர் வசையைக் கேளார். குருடர் தம்மை வீழ்த்தியவனைக் காணார். சாட்சியில்லாத அவ்விடத்தில் எளியவரைக் காத்து நிற்பது வலியவனின் உள்ளத்திலுள்ள தெய்வபயம் ஒன்றேயாம்.

எகிப்திலும் இதுவே நிகழ்ந்தது. எபிரேயருக்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் மருத்துவிச்சிகளுக்குக் கட்டளையிட்டான். சிப்பிராள், பூவாள் என்னும் அவ்விரு பெண்களும் குழந்தைகளை உயிரோடு காப்பாற்றினர். அவர்கள் தெய்வத்துக்கு அஞ்சியமையே இதற்குக் காரணமென்று வேதாகமம் கூறும். தெய்வத்துக்கு அஞ்சியவர்கள் அரசனுக்கு அஞ்சவில்லை.

இன்னுமொன்று கருதத்தக்கது. மன்னிப்பு இறைவனிடத்தில் உண்டு, ஆதலாலே அவர் அஞ்சப்படுகிறார் என்னும் கருத்து நூற்றுமுப்பதாம் சங்கீதத்தில் வருகின்றது. தண்டனைக்கு அஞ்சுவதே தெய்வபயமாயின், மன்னிப்புக் கிடைத்ததும் அது மறைந்துபோக வேண்டும். சங்கீதக்காரனோ மன்னிப்பிலிருந்தே பயம் பிறப்பதாகப் பாடுகிறான். தான் மன்னிக்கப்பட்டதை அறிந்தவன், மன்னித்தவரின் மனத்தை மீண்டும் நோகச்செய்யக் கூசுகின்றான் என்பதே இதன் கருத்தெனலாம்.

அன்பு நிறைவுறும்போது பயம் நீங்கிவிடும் என்பது யோவானின் முதலாம் நிருபத்தின் போதனை. அங்ஙனமாயின் தெய்வபயம் எங்ஙனம் நிலைக்கும்? இவ்வினாவை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவில் ஆயராயிருந்த அகுஸ்தீனார் தம் பிரசங்கமொன்றில் எடுத்துக்கொண்டார். கணவனுக்கு அஞ்சும் இரு மனைவியரை அவர் காட்டுகின்றார். ஒருத்தி கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். மற்றவள் அவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறாள். முன்னையது தண்டனைக்கு அஞ்சும் அச்சம். அன்பு புறந்தள்ளுவது அதனையே. பின்னையது அன்பினின்று எழும் அச்சம். அது என்றும் நிலைக்கும். முன்னைய அச்சத்துக்கும் பயனில்லையென அவர் ஒதுக்கிவிடவில்லை. தையலில் ஊசி முன்னே செல்லும், நூல் பின்னே வரும். ஊசி துணியிலேயே நின்றுவிட்டால் நூல் உட்புகாது. அதுபோல, அச்சம் முற்பட நுழைந்து அன்புக்கு வழிவிட்டு வெளியேற வேண்டும் என்பது அவர் விளக்கம்.

1505ஆம் ஆண்டில் ஜேர்மனியில் இடிமின்னலுக்கு அஞ்சித் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்ட இளைஞரொருவர் இதனைத் தம் வாழ்விற் கண்டார். அவரே மார்ட்டின் லூதர். மடத்தில் நெடுங்காலம் இறைவனைக் கடிய நீதிபதியாக எண்ணியே அவர் நடுங்கினார். 1529இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலிலோ, பத்துக் கட்டளைகளின் விளக்கங்களில் இறைவனுக்கு அஞ்சுதலும் அவரை நேசித்தலும் இணைந்தே வருகின்றன.

இனி, துன்புறுவோரின் ஏக்கத்துக்கு வருவோம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவமென்று இயேசுவை வினவினர். அவன் பாவமுமன்று, பெற்றோர் பாவமுமன்று என்று விடையளித்து, அவனுக்குப் பார்வையளித்தார். நோயுற்ற பிள்ளையின் அருகே விழித்திருந்து தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்கு இவ்விடையை நாம் எடுத்துரைக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு நாம் எந்த அச்சத்தை ஊட்டியுள்ளோம் என்பதை அறிய வழியொன்றுண்டு. விலக்கப்பட்ட கனியை உண்ட ஆதாம், இறைவனுக்கு அஞ்சி மரங்களிடையே ஒளிந்துகொண்டான். சொத்தையெல்லாம் அழித்த இளைய குமாரனோ தகப்பன் வீட்டை நோக்கித் திரும்பினான். தகப்பனும் தூரத்திற் கண்டு ஓடிவந்து தழுவிக்கொண்டான். நம் வீட்டிற் கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்ட பிள்ளை கதவின் பின்னே ஒளிகின்றதா, உடைந்த துண்டுகளுடன் நம்மிடம் வருகின்றதா என்று பார்ப்போம். ஒளியுமாயின், கண்ணைக் குத்தும் சாமியின் கதையை அன்றே நிறுத்திவிட்டு, ஓடிவந்து தழுவிய தகப்பனின் கதையை அதற்குச் சொல்லத் தொடங்குவோமாக.