டைனமோ இறங்குகிறது, ஆல்டர்னேட்டர் ஏறுகிறது

அமெரிக்காவில் 1950-களில் வந்த செவர்லே 3100, ஃபோர்டு எஃப்-100 போன்ற பிக்கப் டிரக்குகளைச் சீர்செய்து இன்றும் பலர் சாலையில் ஓட்டுகிறார்கள். அந்த இன்ஜின்கள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அசராமல் உழைக்கின்றன. திணறுவது மின்சாரம்தான். இரவில் சிக்னலில் நின்றால் முன்விளக்கு மங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மறுபடி பிரகாசிக்கும். டேஷ்போர்டில் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடக்கும். விளக்கும் ஹீட்டரும் இழுக்கும் மின்சாரத்தை டைனமோவால் ஈடுகட்ட முடியவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

குறை டைனமோவின் அமைப்பிலேயே இருக்கிறது. காந்தப்புலம் தரும் சுருள்கள் வெளிக்கூட்டில் அசையாமல் நிற்க, உள்ளே சுழலும் ஆர்மேச்சரில் மின்சாரம் உண்டாகிறது. அது முழுவதும் கம்யூட்டேட்டரின் செம்புத் துண்டுகளில் உரசும் கார்பன் பிரஷ்கள் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். முப்பது ஆம்பியர் அந்த வழியே போனால் பொறி பறக்கும், பிரஷ் தேயும். வேகத்தைக் கூட்டி உற்பத்தியைப் பெருக்கலாம் என்றால், ஆர்மேச்சரில் சுற்றிய கனமான கம்பி பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதனால் பெரிய புல்லி போட்டு அளவோடுதான் சுழற்ற முடியும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டைனமோவிடமிருந்து ஏறக்குறைய எதுவும் கிடைக்காது.

ஆல்டர்னேட்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. இங்கே சுழல்வது காந்தம். மின்சாரம் பிறப்பது அசையாத ஸ்டேட்டரில். ரோட்டரைக் காந்தமாக்கத் தேவையான சில ஆம்பியர் மட்டுமே பிரஷ் வழியே போகிறது, அதுவும் வழுவழுப்பான ஸ்லிப் ரிங் மீது. ஆகவே சின்னப் புல்லி போட்டு இன்ஜினைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் சுழற்றலாம். ஸ்டேட்டரில் கிடைக்கும் மாறுதிசை மின்னோட்டத்தை ஆறு சிலிக்கன் டையோடுகள் நேர்திசையாக்குகின்றன. பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுப்பதும் அவையே. டைனமோவில் அந்த வேலையைச் செய்த பழைய கட்டவுட்டுக்கு இங்கே வேலையில்லை. கட்டுபடியாகும் விலையில் சிலிக்கன் டையோடு வந்த பிறகே இது சாதாரண வண்டிகளுக்கு எட்டியது. கிறைஸ்லர் நிறுவனம் 1960-இல் வேலியன்ட் காரில் இதைப் பொருத்தியது. செவர்லே வண்டிகளில் 1963-இல் இது வழக்கமானது.

பழைய செவர்லேக்கு மெக்கானிக்குகள் பெரும்பாலும் தேடுவது டெல்கோ ரெமியின் 10எஸ்ஐ. 1970-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் வந்த இதற்குள்ளேயே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருக்கிறது. 63 ஆம்பியர் வரை தரும் வகையும் உண்டு.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் வோல்டேஜையும் எர்த்தையும் பார்த்தாக வேண்டும். 1955-இல் புதிய உருவத்தோடு வந்த செவர்லே டிரக் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த், வேலை சுலபம். அதே ஆண்டின் எஃப்-100 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். அதில் 10எஸ்ஐயை அப்படியே மாட்டினால் டையோடுகள் நொடியில் கருகிவிடும். 12 வோல்ட் பேட்டரி வைத்து, நெகட்டிவை பாடியோடு இணைத்து, பல்புகளையும் இக்னிஷன் காயிலையும் ஹீட்டர் மோட்டாரையும் மாற்ற வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்டேஜைக் குறைக்கும் சாதனம் தேவை.

அடுத்தது பெல்ட். பழைய டிரக்கின் பெல்ட் அகலமானது. ஆல்டர்னேட்டரோடு வரும் புல்லி குறுகலானது. அகலப் புல்லி வாங்கிப் போட்டு, கிராங்க் புல்லியோடு ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்க்காவிட்டால் பெல்ட் நிலைக்காது.

வயரிங்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 10எஸ்ஐயின் பின்புறம் பேட்டரிக்குப் போகும் தடித்த போல்ட்டும், 1, 2 என்று எண்ணிட்ட இரு முனைகளும் உண்டு. 2-ஆம் முனை பேட்டரி வோல்டேஜை உணர்ந்து ரெகுலேட்டருக்குச் சொல்லும். 1-ஆம் முனை இக்னிஷன் சுவிட்சுக்குப் போகும். அதை நேராக இணைத்தால் ஒரு விநோதம் நடக்கும்: சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது. ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் அந்த வயர் வழியே திரும்பி வந்து காயிலுக்கு உயிர் கொடுப்பதே காரணம். நடுவே ஒரு எச்சரிக்கை விளக்கோ டையோடோ வைத்தால் சரியாகிவிடும்.

அம்மீட்டரையும் மறக்கக் கூடாது. முப்பது ஆம்பியருக்குச் செய்த மீட்டர், துணி உறை போட்ட பழைய வயர் இரண்டின் வழியாகவும் அறுபது ஆம்பியர் பாய்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தடித்த புதிய வயரைத் தக்க ஃபியூஸ் லிங்க்கோடு ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோய், டேஷ்போர்டில் வோல்ட்மீட்டர் வைப்பதே பத்திரம். இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டினால் வேலை ஒழுங்காக முடிந்தது என்று பொருள்.

கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டிக்கு டைனமோவே அழகு. இரவிலும் மழையிலும் சாலையில் ஓடும் வண்டிக்கு ஆல்டர்னேட்டர் தேவை. எதையும் வெட்டாமல், புதிதாகத் துளை போடாமல், இருக்கும் போல்ட் துளைகளிலேயே பிராக்கெட்டைப் பொருத்துங்கள். இறக்கிய டைனமோவையும் அதன் ரெகுலேட்டரையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவிச் சுற்றி, எந்த வண்டியினுடையது என்று எழுதி வையுங்கள். அடுத்து அந்த வண்டியை வாங்குகிறவர் அதைப் பழையபடியே பார்க்க விரும்பலாம்.