டெனர் கித்தாரின் ஜி-டி-ஏ-இ சுருதி அமைப்பு

ஜி-டி-ஏ-இ சுருதி அமைப்பு என்பது நான்கு தந்திகள் கொண்ட டெனர் கித்தாரை, அதன் வழக்கமான சி-ஜி-டி-ஏ அமைப்புக்கு மாற்றாகச் சுருதி சேர்க்கும் முறைகளுள் ஒன்றாகும். இரண்டிலும் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஐந்தாம் சுர இடைவெளி, அதாவது ஏழு அரைச்சுரங்கள், இருக்கும். கருநாடக இசையில் சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலுள்ள தொலைவும் இதுவே. எனினும் ச-ப-ச-ப எனச் சுருதி சேர்க்கப்படும் கருநாடக வயலினில் நடு இடைவெளி ஐந்து அரைச்சுரங்களே என்பதால், கீழே கூறப்படும் விரலமைப்புகள் அதற்குப் பொருந்தா.

பின்னணி

1920களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் சி-ஜி-டி-ஏ எனச் சுருதி சேர்க்கப்பட்ட டெனர் பாஞ்சோ பரவலாக வாசிக்கப்பட்டது. கித்தாரின் ஒலிக்கு வரவேற்பு கூடியபோது, பாஞ்சோ கலைஞர்கள் பழகிய விரலமைப்பை மாற்றாமலேயே கித்தாருக்கு மாற டெனர் கித்தார் வழிசெய்தது. மார்ட்டின், கிப்சன் ஆகிய நிறுவனங்கள் 1920களின் பிற்பகுதியில் இதனைத் தயாரிக்கத் தொடங்கின.

ஜி-டி-ஏ-இ என்பது மேற்கத்திய வயலின், மாண்டலின் ஆகியவற்றின் சுருதியே. டெனர் கித்தாரில் அது ஒரு ஸ்தாயி கீழே அமையும். டப்ளினர்ஸ் குழுவைச் சேர்ந்த பார்னி மெக்கென்னா (1939–2012) டெனர் பாஞ்சோவை இவ்வாறு சுருதி சேர்த்து வாசித்தது, அயர்லாந்தில் இம்முறை பரவக் காரணமாயிற்று. இதனால் இது ஐரிஷ் சுருதி எனவும் அழைக்கப்படுகிறது. வயலினுக்கு உரிய நாட்டுப்புற மெட்டுகளை அதே விரல் வரிசையில் வாசிக்க முடிவது இதன் முதன்மையான பயன் ஆகும்.

தந்திகளின் பருமன்

முறுக்காணிகளைத் தளர்த்துவதால் மட்டும் இவ்வமைப்பைப் பெற இயலாது. மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் 130.8 ஹெர்ட்சிலிருந்து 98 ஹெர்ட்சாகவும், மிக உயர்ந்த தந்தியினது 440 ஹெர்ட்சிலிருந்து 329.6 ஹெர்ட்சாகவும் குறைகிறது. அதாவது ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ முக்கால் பங்கு அதிர்வெண்ணுக்கு இறங்குகிறது. ஒரே தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அது 9/16 பங்காக, சுமார் 56 விழுக்காடாகச் சரிந்துவிடும். தொய்ந்த தந்தி, கழுத்தின் குறுக்கே பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளில் மோதி இரையும். சற்று அழுத்தினாலே சுருதி விலகும். இதனைக் கருவியின் குறை எனக் கருதுவோர் உண்டு. பெரும்பாலும் குறை தந்தியில்தான்.

பழைய இழுவிசையைப் பெற, உறையற்ற எஃகுத் தந்தியின் விட்டம் 4/3 மடங்காக வேண்டும். எடுத்துக்காட்டாக, 0.010 அங்குலத் தந்தி இருந்த இடத்தில் 0.013 அங்குலத் தந்தி தேவை. தடித்த தந்தி அமர்வதற்குக் கழுத்தின் உச்சியிலுள்ள பள்ளங்களை அகலப்படுத்தவும் நேரலாம்.

எதிர்த்திசையில் செய்யும் தவறு கூடுதல் தீங்கானது. ஜி-டி-ஏ-இ அமைப்புக்கான தந்திகளைப் பூட்டிவிட்டு சி-ஜி-டி-ஏ சுருதிக்கு முறுக்கினால் இழுவிசை சுமார் 78 விழுக்காடு உயரும். தந்தி அறுவதோடு, பழைய கருவியாயின் கழுத்து வளையவும் குதிரை பெயரவும் கூடும். ஆகவே பழைய டெனர் கித்தாரை வாங்குவோர், சுருதி சேர்க்கும் முன் அதிலுள்ள தந்திகளின் பருமனை அளந்தறிவது நல்லது.

விரலமைப்பு

தாழ்ந்த தந்தியிலிருந்து எண்ணினால் ஜி மேஜர் 0-0-2-3, சி மேஜர் 0-2-3-0, டி மேஜர் 2-0-0-2 என அமையும். இங்கு 0 திறந்த தந்தியைக் குறிக்கும். பிற எண்கள் விரல் அழுத்தும் கட்டத்தைக் குறிக்கும். இதே 0-0-2-3 வடிவம் சி-ஜி-டி-ஏ அமைப்பில் சி மேஜரைத் தரும்.

நெருக்கமான சுரக்கூட்டுகளே இவ்வமைப்பில் சிக்கலானவை. சி, இ, ஜி ஆகிய மூன்றையும் ஒரே ஸ்தாயிக்குள் அடுத்தடுத்த தந்திகளில் ஒலிக்கச் செய்ய, இரண்டாவது சுரம் முதலாவதைவிட மூன்று கட்டங்களும் மூன்றாவது ஏழு கட்டங்களும் கீழே அமைய வேண்டும். 23 அங்குல நீளத் தந்தியில் முதல் கட்டத்துக்கும் எட்டாம் கட்டத்துக்கும் இடையே சுமார் 18 செ.மீ. இருக்கும். விரல்கள் இதனை எட்டுவது கடினம். இத்தகைய கூட்டுகளை மிகுதியாக விரும்புவோர், ஐந்தாம் இடைவெளியைக் கைவிட்டு, ஆறு தந்திக் கித்தாரின் மேல் நான்கு தந்திகளை ஒத்த டி-ஜி-பி-இ அமைப்பைக் கையாளுகின்றனர். இது சிக்காகோ சுருதி எனப்படும்.