அறுபது மான் கண்கள்

“கையைக் கழுவுங்க. கழுவிட்டு நல்லாத் துடைங்க. ஒரு சொட்டு ஈரம்கூட இந்தப் பக்கம் வரக் கூடாது!”

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரத்தில், பக்கத்து வீட்டுப் பாட்டியின் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. சொன்னது பாட்டி இல்லை, அவருடைய பத்து வயதுப் பேத்தி. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, பல்குத்தும் குச்சி டப்பாவோடு வாசலை மறித்து நின்றாள். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை. மணி ஐந்தரைதான், வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. உள்ளே எல்லா விளக்கும் எரிகிறது. மேசை முழுக்க மெழுகுத்தாள். நடுவில் குளிப்பாட்டும் அளவுக்கு ஒரு பெரிய பாத்திரம். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது!

மூன்று வருஷமாகக் கிறிஸ்துமஸ் வாரத்தில் இந்த வீட்டிலிருந்து ஒரு தகர டப்பா எங்கள் வீட்டுக்கு வருகிறது. மூடியைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கண்கள் நம்மையே பார்க்கும். கரும்பழுப்புச் சாக்லேட் உருண்டை, உச்சியில் மட்டும் வட்டமாக வெளிர்மஞ்சள். வாயில் போட்டால் மேலே மெல்லிய ஓடு ‘டக்’கென்று உடையும், உள்ளே கடலை கரையும். அந்தக் கண்கள் பிறக்கிற இடத்துக்குள் என்னை இந்த வருஷம்தான் விட்டிருக்கிறார்கள்.

பக்-ஐ என்று பெயர். ஆண்மானின் கண் என்று அர்த்தம். முதலில் அது ஒரு மரத்தின் பெயர். இந்த மரத்தின் காய் வெடித்தால் பாலீஷ் போட்டதுபோல மினுங்கும் கொட்டை விழும், அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய வட்டம் இருக்கும். பாட்டி ஜன்னலோரக் கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சில்லென்று, வழவழவென்று, சத்தியமாக ஒரு கண்! ஒஹாயோ மாநிலத்துக்கே ‘பக்-ஐ மாநிலம்’ என்றுதான் செல்லப்பெயர். 1840 அதிபர் தேர்தலில் இந்த மாநிலத்தில் குடியிருந்த வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்காக ஊர்வலம் போனவர்கள் பக்-ஐ மரத்தில் கைத்தடி செய்து ஏந்திக்கொண்டு போனார்கள். 1953இல் அது அதிகாரபூர்வமாக மாநில மரமானது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கும் அதே பெயர்தான். நவம்பர் கடைசியில் மிஷிகனோடு நடக்கும் அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு இந்த வீட்டில் முதல் ஈடு உருட்டுவார்கள், கிறிஸ்துமஸுக்கு இரண்டாவது.

கொட்டையை அதிர்ஷ்டத்துக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் தின்ன முடியாது, விஷம். இவ்வளவு ஆசையாகப் பார்க்கிற ஒன்றை வாயில் வைக்க முடியாமல் எத்தனை நாள்தான் சும்மா இருப்பது? தின்னக்கூடிய ஒரு பக்-ஐயை ஒஹாயோக்காரர்கள் தாங்களே செய்துகொண்டார்கள்! இந்தக் காரணம் எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லி மாளாது.

சரி, பாத்திரத்துக்குள் எட்டிப் பார்ப்போம். ஒன்றரைக் கப் பீநட் பட்டர், எடை போட்டால் 385 கிராம் வருகிறது. அறைச் சூட்டில் குழைந்த வெண்ணெய் 113 கிராம், இங்கே அது ஒரு கட்டி. வெனிலா எஸன்ஸ் ஒரு தேக்கரண்டி. உப்பு இரண்டு சிட்டிகை. மாவுபோல அரைத்த சர்க்கரை ஒரு பெட்டி, 450 கிராம். அவ்வளவுதான்! அடுப்பில்லை, ஓவன் இல்லை. ஓவனுக்குள் பாட்டி தட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

பீநட் பட்டர் விஷயத்தில் பாட்டிக்கு அபார கண்டிப்பு. கடலையை மட்டும் அரைத்து, மேலே எண்ணெய் மிதக்கும் வகையை இந்த வேலைக்குத் தொடவே மாட்டார். கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தானே, உருண்டை பிடித்துக் கொஞ்ச நேரத்தில் அது கசிந்து வெளியே வரும், சாக்லேட் ஒட்டாமல் வழுக்கும். 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்டு என்பவர் கடலை எண்ணெயின் ஒரு பகுதியை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கி, எண்ணெய் பிரியாத பீநட் பட்டர் செய்ய வழி கண்டார். அந்த ஒரு மாற்றம் இல்லாவிட்டால் இந்தக் கண்கள் வியர்த்துக்கொண்டே இருந்திருக்கும். பாட்டி வாங்குவது ஜிஃப். அந்த பிராண்டை 2002இல் வாங்கிய ஸ்மக்கர் குழுமம் ஒஹாயோவின் ஆர்வில் என்ற சிறு ஊரில் இருக்கிறது. “நம்ம ஊருச் சரக்கு” என்று டப்பாவைத் தட்டிக் கொடுத்தார், வளர்ந்த பிள்ளையின் முதுகைத் தட்டுவதுபோல.

“உங்க ஊர்ல கடலைக்கு என்ன பேரு?” என்றாள் பேத்தி.

வேர்க்கடலை, நிலக்கடலை என்று ஆரம்பித்தேன். எங்கள் திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டை என்போம், மணிலாக்கொட்டை என்பதிலிருந்து வந்த பேச்சு அது என்றேன். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர், மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு எங்கள் செம்மண்ணுக்கு வந்தது. அவளுக்கு அந்த வார்த்தை ஒரே சந்தோஷம். “மல்லாட்டை, மல்லாட்டை” என்று சொல்லிச் சொல்லியே மீதி சாயங்காலம் முழுக்க உருட்டினாள்.

பிசையும்போதுதான் எனக்குள் ஒரு கதவு திறந்தது. இது மாலாடு! பொட்டுக்கடலை மாவும் பொடித்த சர்க்கரையும் கலந்து, நெய்யைக் காய்ச்சி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் அம்மா பிடிக்கிற அதே மாலாடு. அங்கே மாவையும் சர்க்கரையையும் நெய் கட்டிப் பிடிக்கிறது. இங்கே அந்த வேலையைப் பீநட் பட்டரும் வெண்ணெயும் செய்கின்றன. சர்க்கரை குருணையாக இருந்தால் இரண்டுமே பல்லில் நறநறக்கும். வெண்ணெயை உருக்கக் கூடாது என்பது மட்டும் புதுப் பாடம். உருக்கினால் மாவு எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். பதம் பார்ப்பதில்கூட வித்தியாசமே இல்லை. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் ரேகை பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரை, வெடித்தால் அரைக் கரண்டி பீநட் பட்டர். பாட்டி இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் கை தானாகவே உருட்ட ஆரம்பித்துவிட்டது.

பேத்தி தராசோடு வந்தாள். ஒவ்வொன்றும் 15 கிராம், அதற்கு மேல் ஒரு கிராம் போனாலும் கிள்ளி எடுத்துவிடுவாள். கிள்ளியது எங்கே போகிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவள் வாய்க்கு! அறுபதுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். ஃப்ரீசரில் வைக்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு, பாட்டிக்கு அது ஆகாது. உறைந்த உருண்டை பிறகு சூடேறி லேசாக விரியும், மேலே இறுகிய சாக்லேட் ஓடு கீறிக்கொள்ளும் என்கிறார். போன வருஷத்து டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை என்பதால் நான் பாட்டி கட்சி.

இனி சாக்லேட். இங்கேதான் அந்த ஈரக் கை விவகாரத்துக்கு விளக்கம் கிடைத்தது. பாட்டி ஒரு சின்னக் கிண்ணத்தில் உருகிய சாக்லேட் இரண்டு கரண்டி எடுத்தார். “பாருங்க” என்று அதில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கினார். பட்டுப்போல ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே திரண்டு, சொரசொரத்து, களிமண் கட்டியாக நின்றது! சாக்லேட்டில் தண்ணீரே கிடையாது. கொக்கோ வெண்ணெய்க்குள் சர்க்கரைத் துகளும் கொக்கோத் துகளும் மிதக்கின்றன. சொட்டு ஈரம் பட்டதும் சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடுகின்றன. பேத்தி பதறாமல் அந்தக் கட்டியின் மேல் சூடான பாலை ஊற்றி அடித்தாள். மறுபடி வழவழவென்று இளகி, குடிக்கிற சாக்லேட் ஆகிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் கெடுத்ததை நிறைய ஈரம் மீட்டுக் கொடுக்கிறது! மூன்று பேரும் ஒரே கோப்பையிலிருந்து மாற்றி மாற்றிக் குடித்தோம்.

இன்னொரு ரகசியம் இன்னும் ருசியானது. பாட்டியின் அம்மா காலத்தில் சாக்லேட்டோடு உணவு வகை பாரஃபின் மெழுகைச் சீவிப் போடுவார்களாம். பளபளப்புக்கும், கையில் உருகாமல் இருப்பதற்கும். பிறகு மெழுகுக்குப் பதில் வனஸ்பதி. பழைய குறிப்பு அட்டையில் ‘மெழுகு’ என்ற சொல்லை அடித்து, மேலே வேறு கையெழுத்தில் எழுதியிருக்கிறது. அந்த அட்டையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, ஓரங்களில் வெண்ணெய்க் கறை, நடுவில் இரண்டு தலைமுறை கையெழுத்து. பாட்டி இப்போது இரண்டையும் விட்டுவிட்டார். சாக்லேட்டைப் பதப்படுத்தியே அந்தப் பளபளப்பைக் கொண்டுவருகிறார்.

கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். அதில் ஐந்தாவது விதம்தான் பளபளக்கும், உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் போடும், சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37. விரல் நுனி பொறுத்துக்கொள்கிறது, நாக்கில் வைத்ததும் கரைகிறது! அந்த ஐந்தாவதை வரவழைக்க வேண்டும். 340 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் முக்கால் பங்கை, கொதித்து அடங்கிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து 45 டிகிரிவரை உருக்குகிறார். இறக்கி, அடியைத் துடைத்து, மீதிக் கால் பங்கைத் துண்டுகளாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்கிறார். ஏற்கெனவே சரியாகப் படிந்திருக்கும் அந்தத் துண்டுகள் பாலுக்கு உறைமோர்போல வேலை செய்கின்றன. தங்களைப் போலவே மற்றதையும் படியச் சொல்லிக் கொடுக்கின்றன. 31, 32 டிகிரிக்கு வந்ததும் கத்தி முனையைத் தோய்த்து மேசையில் வைத்தார். ஐந்து நிமிஷத்தில் கத்தியில் கண்ணாடிபோல இறுகிவிட்டது. “வந்தாச்சு!” என்று பேத்தி குதித்த குதியில் மெழுகுத்தாள் பறந்தது.

இப்போது, நான் மூன்று வருஷமாகக் காத்திருந்த கட்டம்.

உருண்டையின் உச்சியில் பல்குச்சியைக் குத்தி, சாக்லேட்டில் இறக்க வேண்டும். முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலேவரை. அங்கே நிறுத்திவிட வேண்டும்! சாக்லேட் இழுக்கிறது, கை இன்னும் கொஞ்சம் இறங்கப் பார்க்கிறது, பொங்கி வந்து விளிம்பை மூடப் பார்க்கிறது. அந்த இடத்தில் மணிக்கட்டு நிற்க வேண்டும். மூடாமல் விட்ட அந்தச் சின்ன வட்டம்தான் கண். சிற்பத்தில் எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாகக் கண் திறப்பார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இங்கே கண் முதலிலிருந்தே திறந்து கிடக்கிறது, மூடிவிடாமல் காப்பாற்றுவதுதான் வேலை. பாட்டி ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இத்தனை வருஷம் செய்தும் இன்னும் பிடித்துக்கொள்கிறார்! நானும் பேத்தியும் அவரோடு சேர்ந்து பிடித்துக்கொண்டோம். தூக்கி, ஒரு தட்டுத் தட்டி, சொட்டுவதைக் கிண்ண விளிம்பில் வழித்து, தாளில் இறக்கி, குச்சியை லேசாகத் திருகி உருவ வேண்டும். குச்சி விட்ட ஓட்டையை விரல் நுனியால் தடவி மூட வேண்டும். அந்தத் தடவல் பேத்தியின் வேலை. சின்ன விரல் என்பதால் கண்ணில் தழும்பே தெரிவதில்லை.

என் முதல் உருண்டை நன்றாகவே வந்தது. இரண்டாவதும். பத்தாவதில் கிண்ணத்தில் சாக்லேட் குறைந்திருந்தது. பாட்டி கிண்ணத்தைச் சாய்த்து ஒரு மூலையில் ஆழம் சேர்க்கக் காட்டினார். இருபது தாண்டியதும் பேச்சு நின்றது. மேசையில் கண்கள் பெருகிக்கொண்டே போயின, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி.

டப்பாக்கள் வந்தன. சாக்லேட் இறுகியதும் தாள் விரித்து, இரண்டே அடுக்கு. மேல் அடுக்கின் அடியில் இன்னொரு தாள், கண் ஒட்டிக்கொள்ளக் கூடாதே. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஒவ்வொரு மூடியிலும் ‘கடலை உள்ளது’ என்று பெரிய எழுத்தில் பேத்தி எழுதினாள். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை ஒன்று தெருக்கோடியில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு மட்டும் சூரியகாந்தி விதை வெண்ணெயில் செய்கிறார்கள். வேறு நாள், வேறு கிண்ணம், வேறு கரண்டி, மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு. அந்த டப்பா போன வாரமே போய்விட்டது. முதல் டப்பா எப்போதும் அந்த வீட்டுக்குத்தான் என்றார் பாட்டி, சாதாரணமாக. எனக்குத் தொண்டை அடைத்தது.

கடைசியில் தட்டில் நாலு உருண்டை மிஞ்சியிருந்தன. உச்சிவரை சாக்லேட் ஏறி, வட்டமே இல்லாமல் போனவை. ஒன்று பாட்டியுடையது, ஒன்று பேத்தியுடையது, இரண்டு என்னுடையவை. எந்த டப்பாவிலும் இடமில்லை. அவற்றை நான் இத்தனை வருஷமாகப் பார்த்ததே இல்லை. வெளியே போகும் டப்பாக்களில் அப்படி ஒன்று வரவே வராது.

“அதை என்ன செய்வீங்க?” என்று கேட்டேன்.

பேத்தி விளக்கைக் குறைத்தாள். பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தட்டை நடுவில் நகர்த்தினார்.

“கண்ணை மூடினதெல்லாம் நமக்கு” என்றாள் பேத்தி. “நாமும் கண்ணை மூடிட்டுத்தான் சாப்பிடணும்.”

மூடிக்கொண்டேன். டக்!