பையனுக்கு என்ன குறை?

தீபாவளிக்கு முந்தின மாதம் என்றால் எங்கள் ஆரணியில் நெசவுக்காரர் வீடுகளில் மூச்சு விட நேரம் இருக்காது. அப்படி ஒரு ராத்திரி, நான் ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்து படியில் உட்கார்ந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பொண்ணு பாக்கப் போகலாம்னு சொன்னேம்மா. 'எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வராதும்மா'ங்கறான். கூடப் படிச்ச பையன் மேலதான் மனசாம். இத நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

சகோதரிகளே, ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. பார்டர் ஓர் இழை பிசகாமல் நெய்கிறவன். அவனுக்கா இப்படி?

அக்கா அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தார். யாரோ சொன்னார்கள் என்று வெளியூரில் ஒருவரிடம் அழைத்துப் போய், 'குணமாக' மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார். பத்து நாள் பையன் தூங்கித் தூங்கி விழுந்தான். தறியில் உட்கார முடியவில்லை. பிறகு ஒரு நாள் அவன் தலையணைக்கடியில் ஒரு கடிதம் கிடைத்தது. அதில் என்ன இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை. பெற்றவர்களுக்குப் புரியும்.

என் மகள் சென்னையில் மனோதத்துவம் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "பெரியம்மாவைக் கூப்பிடும்மா" என்றாள். மூன்று பேரும் அடுப்பங்கரையில் உட்கார்ந்தோம்.

"இது வியாதியே இல்ல பெரியம்மா. வியாதியா இல்லையான்னு சோதிச்சே பாத்துட்டாங்க" என்று ஆரம்பித்தாள். ஈவ்லின் ஹூக்கர் என்று அமெரிக்காவில் ஒரு மனோதத்துவ நிபுணர். ஆண்களையே விரும்பும் ஆண்கள் 30 பேர், பெண்களை விரும்பும் ஆண்கள் 30 பேர். வயது, படிப்பு, புத்திக்கூர்மை எல்லாம் ஜோடி ஜோடியாகப் பொருந்தும்படி தேர்ந்தெடுத்து மனோதத்துவப் பரீட்சை வைத்தார். பெயரில்லாமல் விடைகளை மட்டும் மூன்று நிபுணர்களிடம் கொடுத்து, "எது யாருடையது, சொல்லுங்கள்" என்றார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை! இந்த ஆராய்ச்சி 1957-ல் அச்சில் வந்தது. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்தார்கள். 1990-ல் உலக சுகாதார நிறுவனமும் எடுத்தது.

"அது சீமைக் கதை. நம்ம ஊர்ல?" என்றார் அக்கா. நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் வெங்கடேசன் சக்ரபாணி என்பவர் மருத்துவம் படித்துவிட்டு, ஏறக்குறைய இருபது வருஷமாக இந்த மக்களின் உடல்நலம், மனநலம் பற்றியே ஆராய்ந்து வருகிறார். டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் நியூமனும் அவரோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார். எய்ட்ஸ் கிருமி இவர்களிடம் ஏன் அதிகம் பரவுகிறது என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 'இவர்கள் நடத்தைதான் காரணம்' என்று நாம் சுலபமாகச் சொல்லி விடுவோம், இல்லையா? அவர்கள் சென்னையில் இந்த ஆண்களிடம் உட்கார்ந்து பேசி 2007-ல் எழுதிய கட்டுரையில் வேறு விஷயம் இருந்தது. போலீஸ் அடிக்கிறது, அக்கம்பக்கம் ஏசுகிறது, ஆஸ்பத்திரியில் கேவலமாக நடத்துகிறார்கள், வீட்டிலும் துன்பம். பயந்தவன் டாக்டரிடமே போக மாட்டான். அப்புறம் நோய் எப்படித் தெரியும்?

2017-ல் இன்னொரு ஆராய்ச்சி. இப்படிப்பட்ட ஆண்கள் 300 பேர், திருநங்கையர் 300 பேர். இழிவாகப் பேசப் பேச மனச்சோர்வு கூடுகிறது. ஆனால் 'எனக்கென்று ஆள் இருக்கிறது' என்ற ஆதரவும், தாங்கிக் கொள்ளும் திடமும் இருந்தால் அந்தச் சோர்வு குறைகிறது.

இதைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "ஆள்னா யாரு? பெத்தவளா?"

"பெத்தவங்க, கூடப்பொறந்தவங்க, சிநேகிதங்க. யாரா இருந்தாலும் சரி பெரியம்மா."

அந்த மாத்திரை விவகாரத்துக்கு வந்தாள் மகள். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று சொல்லி விட்டது. 2021 ஜூனில் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது, தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம். (நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றால் எனக்கென்ன வெட்கம்?) மருத்துவம் பார்த்து இதை 'மாற்ற' முயற்சி செய்யக் கூடாது என்று அவர் உத்தரவிட்டார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்கிற டாக்டர் தொழில் ஒழுங்கை மீறியவர் என்று அறிவித்தது. 'தன்பாலீர்ப்பு' போன்ற மரியாதையான தமிழ்ச் சொற்களையும் அரசு வெளியிட்டிருக்கிறது.

அக்கா வெகு நேரம் பேசவில்லை. "அந்த மாத்திரைய நான்தானே கைல வெச்சு முழுங்க வெச்சேன்" என்றார் கடைசியில்.

மறுநாளே மகள் பையனை அழைத்துப்போய் முறையாகப் படித்த ஒரு மனநல டாக்டரிடம் காட்டினாள். பழக்கத்தை மாற்ற அல்ல. அந்தக் கடிதத்துக்காக. இப்போது அவன் மறுபடி தறியில் உட்காருகிறான். வீட்டுக்காரருக்கு இன்னும் விஷயம் தெரியாது. எப்படிச் சொல்வது என்று அக்காவுக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை.

நேற்று சாயங்காலம் வந்து, "அந்தச் சென்னை டாக்டர் பேரு, கோர்ட்டு தேதி எல்லாத்தையும் ஒரு சீட்டுல எழுதிக் குடும்மா. பெரிய எழுத்தா எழுது. அவருக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாது" என்று கேட்டு வாங்கிப் போனார்.