மேஜை மேல் ஒரு விமானி அறை!

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. மீனம்பாக்கம் விமான நிலையம் காட்டுப்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் ஏழெட்டு கிலோமீட்டர்தான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூட அண்ணாந்து பார்ப்போம். அந்த விமானத்தின் மூக்குப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் விமானி இந்த நேரத்தில் எந்த சுவிட்சைத் தொடுவார்? எந்த முள்ளைப் பார்ப்பார்? எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

இதைத் தெரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டாம். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். 'ஃப்ளைட் சிமுலேட்டர்' என்ற மென்பொருளில் உண்மை விமானத்தின் காக்பிட்டை, அதாவது விமானி அறையை, அப்படியே பொருத்திப் பழகலாம்.

துருத்தியில் பறந்த பெட்டி

ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சிமுலேட்டரின் கதை அதுபோன்ற துருத்தியில்தான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் பிங்காம்டன் என்ற ஊரில், எட்வின் லிங்க் என்ற இளைஞரின் தந்தை ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். லிங்குக்கோ விமானம் ஓட்டுவதில் ஆசை. ஆர்கனில் பயன்படும் காற்றுத் துருத்திகளை எடுத்து, ஒரு மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தினார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால், பெட்டி விமானம் போலவே சாயும், திரும்பும், நிமிரும். இது நடந்தது 1929-ல்.

முதலில் இதை பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைச் சுமந்து இருட்டிலும் மேகத்திலும் பறக்க வேண்டி வந்தது. வெளியே எதுவும் தெரியாத நிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி பலருக்கு இல்லை. சில வாரங்களிலேயே பல விமானிகள் உயிரிழந்தனர். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகள் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சுமார் 5 லட்சம் பேர் அதில் பயிற்சி பெற்றார்கள்.

இன்று பயணிகள் விமானம் ஓட்டுபவர்கள் பழகும் சிமுலேட்டர் ஒரு சிறிய அறை அளவு இருக்கும். உள்ளே அசல் விமானி அறை. கீழே அதைத் தூக்கிச் சாய்க்கும் ஆறு கால்கள். நம் நாட்டில் பெங்களூரு, ஐதராபாத் போன்ற நகரங்களில் இவை உள்ளன. பல ஆண்டு அனுபவம் உள்ள விமானிகளும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இதில் ஏறித் தேர்வு எழுதத்தான் வேண்டும். பரீட்சை உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்!

கூடுதல் காக்பிட் என்றால் என்ன?

சிமுலேட்டர் மென்பொருளை வாங்கும்போதே அதில் சில விமானங்கள் இருக்கும். ஆனால் பல சமயம் அவற்றின் பாதி சுவிட்சுகள் வெறும் படம்தான். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 'ஆட்-ஆன்' எனப்படும் கூடுதல் காக்பிட் அப்படி அல்ல. தலைக்கு மேலே உள்ள பேட்டரி பொத்தான் முதல் காலடியில் உள்ள மிதிகள் வரை, உண்மை விமானத்தில் எப்படி வேலை செய்யுமோ அப்படியே செய்யும்படி எழுதப்பட்டிருக்கும்.

நம் ஊர் வானத்தில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்துக்கே இலவச காக்பிட்டுகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்காக 'ஃப்ளை பை வயர்' என்ற தன்னார்வலர் குழு 2020 முதல் ஒன்றை உருவாக்கி வருகிறது. ஆனால் 2020-ல் வெளியான அந்த சிமுலேட்டரையே காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் 150 ஜிபி இடமும் வேண்டும்.

'ஃப்ளைட்கியர்' என்பது முழுக்க இலவசம். 1990-களின் பிற்பகுதியிலிருந்து பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதி வருவது. சாதாரண கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதில் தொடங்கலாம்.

பொருத்துவது எப்படி?

1. அம்மா, அப்பா அல்லது அண்ணன், அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட்கியரை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கள்ளப் பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வரும்.

2. நிறுவி முடித்துத் திறந்தால் ஒரு பக்கத்தில் பட்டியல் வரும். அதில் 'ஏர்கிராஃப்ட்' பகுதிக்குப் போய் ஏ320 என்று தேடுங்கள். விமானங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கிடங்கை 'ஹேங்கர்' என்பார்கள். அங்கிருந்து விமானம் இறங்கி, தானாகவே பொருந்திக்கொள்ளும்.

3. அடுத்து 'லொகேஷன்'. அங்கே வி-ஓ-எம்-எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். உலக விமானப் போக்குவரத்தில் அதுதான் சென்னை விமான நிலையத்தின் அடையாளம்.

4. ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் பொத்தானை அழுத்துங்கள்.

ஓர் ஆலோசனை. முதல் நாளே ஏ320-ஐத் தொடாதீர்கள். அதே மென்பொருளில் உள்ள சிறிய செஸ்னா விமானத்தில் நேராகப் பறக்கவும், திரும்பவும், இறங்கவும் பழகுங்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாதவர் பஸ் ஓட்ட உட்காரக் கூடாது அல்லவா?

இருட்டு அறைக்கு உயிர் வருகிறது

நிறுத்தி வைத்த விமானத்தின் காக்பிட் இருட்டாக இருக்கும். எல்லாத் திரைகளும் கறுப்பு. இதிலிருந்து தொடங்குவதுதான் சுவாரசியம்.

முதலில் தலைக்கு மேல் உள்ள பேட்டரி 1, பேட்டரி 2 பொத்தான்கள். விளக்குகள் எரியும். ஆனால் பேட்டரியை நம்பி ரொம்ப நேரம் இருக்க முடியாது. அதனால் அடுத்து 'ஏபியு' என்ற துணை எஞ்சின். விமானத்தின் வாலின் நுனியில் ஒரு ஓட்டை தெரியும், கவனித்திருக்கிறீர்களா? அதுதான் ஏபியுவின் புகைபோக்கி. இந்தச் சின்ன எஞ்சின் மின்சாரம் தரும். அழுத்தமான காற்றும் தரும். காகிதக் காற்றாடியை ஊதிச் சுற்ற வைப்பது போல, அந்தக் காற்றுதான் பெரிய எஞ்சினை முதலில் சுழல வைக்கிறது.

இதற்கிடையே, விமானம் தான் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் உள்ளே இருக்கும் நுட்பமான கருவிகள் பூமி சுழல்வதையே உணர்ந்து வடக்கு எது என்று கணக்கிடுகின்றன! இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை விமானத்தை நகர்த்தக் கூடாது. அவசரப்பட்டு நகர்த்தினால் வழிகாட்டும் திரை சரியாக வேலை செய்யாது. 'காக்பிட் ரிப்பேர்' என்று நினைக்க வேண்டாம். வரிசை தப்பியதுதான் காரணம்.

அதனால்தான் விமானிகள் 'செக்லிஸ்ட்' என்ற சரிபார்ப்புப் பட்டியலை வைத்திருக்கிறார்கள். ஆயிரம் முறை ஓட்டியவரும் அதைப் படிக்காமல் கிளம்ப மாட்டார். ஒருவர் வாசிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். நீங்களும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, தம்பி அல்லது தங்கையை வாசிக்கச் சொல்லலாம்.

எல்லாம் சரியாக இருந்தால் தலைக்கு மேல் உள்ள பலகையில் பொத்தான் விளக்குகள் அணைந்திருக்கும். ஏதாவது கோளாறு என்றால்தான் எரியும். விமானியின் கண் உடனே அங்கே போய்விடும்.

வானத்தில் கணக்குப் பாடம்

சென்னையின் பெரிய ஓடுபாதை 3,658 மீட்டர் நீளம். அதன் ஒரு முனையில் 07 என்றும், மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். ஏன் தெரியுமா? ஒரு பக்கமிருந்து ஓடினால் திசைகாட்டி சுமார் 70 டிகிரி காட்டும். எதிர்ப்பக்கமிருந்து ஓடினால் சுமார் 250 டிகிரி. கடைசி பூஜ்ஜியத்தை எடுத்துவிட்டால் 07, 25. இரண்டுக்கும் வித்தியாசம் 18, அதாவது 180 டிகிரி. இன்னொரு ஓடுபாதையின் ஒரு முனை 12 என்றால் மறுமுனை என்ன? நீங்களே சொல்லுங்கள்!

இறங்கும்போது விமானம் 3 டிகிரி சரிவில் வரும். ஒரு கடல் மைலுக்கு (1.852 கிலோமீட்டர்) சுமார் 300 அடி உயரம் என்பது எளிய கணக்கு. ஓடுபாதைக்கு 10 கடல் மைல் இருந்தால் 3,000 அடி. 4 கடல் மைல் இருந்தால் 1,200 அடி.

இன்னொன்று. வேகத்தை 5-ஆல் பெருக்குங்கள். 140 நாட் வேகத்தில் வந்தால் 140 x 5 = 700. நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டும். வாய்ப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்க!

மறுபடி சுற்றி வருவோம்

இப்போது மிக முக்கியமான பாடத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. சென்னையில் கொட்டும் மழை, சுழற்றியடிக்கும் காற்று. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ விமானம் ஒன்று ஓடுபாதைக்கு வந்துவிட்டது. சக்கரம் தரையைத் தொடும் நேரத்தில் காற்று அதை ஆட்டியது. விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நொடியே எஞ்சின்கள் உறும, விமானம் மேலே எழும்பிப் போய்விட்டது. அந்த வீடியோவை நாடே பார்த்தது.

'ஐயோ, இறங்க முடியவில்லையே' என்று சிலர் பேசினார்கள். அது தவறு. அந்த விமானிகள் செய்தது சரியான செயல். அதற்குப் பெயர் 'கோ-அரவுண்ட்'. இறங்குவதைக் கைவிட்டு, மேலே ஏறிச் சுற்றி வருவது.

இதை நீங்கள் ஏ320 காக்பிட்டில் செய்து பார்க்கலாம். எஞ்சின் விசைப்பிடிகளை முன்னால் கடைசி வரை தள்ளுங்கள். அந்த இடத்துக்கு 'டோகா' என்று பெயர். 'புறப்படு அல்லது மறுபடி சுற்று' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. மூக்கை உயர்த்துங்கள். இறக்கையின் பின்னால் விரிந்திருக்கும் மடிப்புகளை ஒரே ஒரு படி மட்டும் உள்ளே இழுங்கள். மொத்தமாக இழுத்தால் தூக்கும் விசை குறைந்துவிடும். விமானம் மேலே ஏறுவது உறுதியான பிறகுதான் சக்கரங்களை மடக்க வேண்டும். ஏன் காத்திருக்க வேண்டும்? ஏறத் தொடங்குவதற்கு முன் ஒருவேளை தரையைத் தொட்டுவிட்டால் சக்கரம் வேண்டுமே!

இந்த நான்கு வேலைகளையும் சில நொடிகளில், வரிசை மாறாமல் செய்ய வேண்டும். யோசிக்க நேரம் இருக்காது. அதனால்தான் விமானிகள் இதை சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு துயரமான உதாரணம் இருக்கிறது. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஒரு விமானம், மங்களூரில் மலை உச்சியில் உள்ள ஓடுபாதையைத் தாண்டி ஓடி விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். விமானம் மிக அதிக உயரத்தில் வந்ததால், துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொல்லியிருக்கிறார். மூத்த விமானியோ இறங்குவதிலேயே இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. சின்னவர் சொன்னாலும் சரியாகச் சொன்னால் கேட்க வேண்டும். பெரியவர் பக்கத்தில் இருந்தாலும் தவறு தெரிந்தால் சொல்ல வேண்டும். இரண்டையுமே இப்போது விமானிகளுக்குப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

ஆகவே சிமுலேட்டரில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். 1,000 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், உயரம், திசை, சக்கரம் நான்கும் சரியா என்று பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் டோகாதான். 'எப்படியாவது இறக்கிவிடலாம்' என்ற பேச்சே கூடாது.

உங்களுக்குத் தெரியுமா?

* ஏ320 முதன்முதலில் பறந்தது 1987 பிப்ரவரி 22-ல். விமானியின் கையில் இருப்பது சக்கரம் அல்ல. வீடியோ கேம் ஜாய்ஸ்டிக் போன்ற சின்னப் பிடி. அவர் அசைப்பதை கம்ப்யூட்டர்கள் படித்துத்தான் இறக்கைக்குக் கட்டளை தருகின்றன.

* ஏ320-ல் ஏறி உட்கார்ந்தால் சில சமயம் தரைக்கு அடியில் நாய் குரைப்பது போலச் சத்தம் வரும். பயப்படாதீர்கள்! அழுத்த எண்ணெய்க் குழாய்களுக்கு இடையே விசையை மாற்றிக் கொடுக்கும் ஒரு கருவியின் சத்தம் அது. நல்ல ஆட்-ஆன் காக்பிட்டில் அந்தக் குரைப்பும் கேட்கும்.

* தரைக்கு 20 அடி உயரத்தில் விமானமே 'ரிடார்ட்' என்று குரல் கொடுக்கும். எஞ்சின் விசையைக் குறை என்று பொருள்.

* மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் முதலில் வெளிவந்தது 1982-ல். அப்போது மலையும் ஓடுபாதையும் வெறும் கோடுகளாகத்தான் தெரியும்.

சிமுலேட்டர் ஓட்டுவதால் மட்டும் யாரும் விமானி ஆகிவிட முடியாது. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 18 வயது நிறைய வேண்டும். உண்மை விமானத்தில் பல மணி நேரம் பறக்கவும் வேண்டும். ஆனால் வரிசையாக வேலை செய்யும் பழக்கமும், கணக்கும், 'சரியில்லை, மறுபடி முயல்வோம்' என்று சொல்லும் துணிச்சலும் இப்போதே வந்துவிட்டால் அது எந்த வேலைக்கும் உதவும்.

அடுத்த விடுமுறையில், வீட்டுப்பாடம் முடித்த பிறகு, ஒரு மணி நேரம் மட்டும் பறந்து பாருங்கள். 25-ம் எண் ஓடுபாதையிலிருந்து கிளம்பினால், வலப்பக்கம் போரூர் ஏரியும், கொஞ்சம் தள்ளி செம்பரம்பாக்கம் ஏரியும் இருக்கும் திசை. அவற்றுக்கு நடுவில் எங்கோ காட்டுப்பாக்கம்! என்ன, செக்லிஸ்ட் எழுத நோட்டு எடுத்தாயிற்றா?