காற்றைத் தள்ளவே பாதி பெட்ரோல்

அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் 2018 செப்டம்பரில் டெனிஸ் முல்லர்-கோரெனெக் என்ற பெண் சைக்கிளில் மணிக்கு 296 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். இத்தாலியின் முன்னணிப் பந்தய வீரர் ஃபிலிப்போ கன்னா 2022இல் உள்ளரங்கப் பாதையில் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்துக் கடந்தது 56.792 கிலோமீட்டர். முன்னது சில நொடி வேகம், பின்னது ஒரு மணி நேர உழைப்பு. அதற்காகக் கழித்துக்கொண்டாலும் ஐந்து மடங்கு வித்தியாசத்தைக் கால் வலுவால் விளக்க முடியாது. டெனிஸுக்கு முன்னால் ஒரு பந்தயக் கார் ஓடியது. அதன் பின்னால் பொருத்திய தடுப்பு காற்றை ஒதுக்கிக்கொண்டே போக, அவர் அந்த மறைவில் ஒண்டி மிதித்தார். தொடக்கத்தில் கார்தான் இழுத்துச் சென்றது. கயிற்றை விட்டபின் மிதித்தது அவரே. பெரிய கியர் செய்த வேலை இது என்று சொல்லலாம். ஆனால் கால் தராத சக்தியைக் கியர் எங்கிருந்து கொண்டுவரும்? முன்னால் ஓடிய காரைச் சந்தேகிப்பவர்கள் டாட் ரைகர்ட்டைப் பார்க்கலாம். 2016இல் நெவாடாவில், முன்னால் எந்த வண்டியும் இல்லாமல், மீன் வடிவக் கூட்டுக்குள் படுத்தபடி மிதித்து அவர் 144.17 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தார். செயின், பேரிங், டயர் உராய்வு எல்லாம் இருவருக்கும் இருந்தன. குறைந்தது காற்றுத்தடை மட்டும்தான்.

டயர் உராய்வு, காற்றுத்தடை ஆகிய இரண்டும் நடந்துகொள்ளும் விதமே வேறு. டயர் தரையில் அழுந்தும் இடத்தில் ரப்பர் சப்பையாகி மறுபடி நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகிறது. காற்று குறைந்த டயர் வண்டியைப் பிடித்து இழுப்பதற்கு இதுதான் காரணம். இந்தத் தடை வண்டியின் எடையைப் பொறுத்தது. வேகம் கூடினால் அவ்வளவாக மாறாது. காற்று அப்படியல்ல. வேகம் இரட்டிப்பானால் ஒரு நொடியில் எதிர்ப்படும் காற்றும் இரட்டிப்பு, அதை விலக்கித் தள்ளும் வேகமும் இரட்டிப்பு. ஆகத் தடை நான்கு மடங்கு. அதை வெல்ல இன்ஜின் தரவேண்டிய திறன் எட்டு மடங்கு.

1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காருக்குத் தோராயமாகக் கணக்குப் போடுவோம். டயர் உராய்வு எந்த வேகத்திலும் 12 கிலோ எடைக்குச் சமமான விசையால் பின்னுக்கு இழுக்கிறது. காற்றுத்தடையோ 40 கிலோமீட்டர் வேகத்தில் 5 கிலோ, 60இல் ஏறக்குறைய 12, 80இல் 20, 120இல் 46. அதாவது 60ஐ எட்டும்போதே, தடைகளை வெல்லச் செலவாகும் பெட்ரோலில் பாதி காற்றைத் தள்ளத்தான் போகிறது. 120இல் அந்தப் பங்கு முக்காலுக்கும் மேல். மைலேஜ் குறைந்தால் உடனே டிக்கியில் இருக்கும் சுமையைப் பார்க்கிறோம். நெடுஞ்சாலையில் முதலில் பார்க்கவேண்டியது வேகமானி முள்ளை. நகரத்துக்குள் சுமையைக் குறை சொல்வது நியாயம்: அங்கே எடையை வேகப்படுத்திய சக்தி ஒவ்வொரு சிக்னலிலும் பிரேக்கில் சூடாகிக் கரைகிறது.

வேகமாகப் போனால் சீக்கிரம் போய்ச் சேருகிறோம், இன்ஜின் ஓடும் நேரம் குறைகிறதே என்பார்கள். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகிறது, உண்மை; காற்றுக்காகத் தரும் திறன் எட்டு மடங்காகிறது. பெருக்கிப் பார்த்தால் அதே தூரத்துக்குக் காற்று கேட்கும் சக்தி நான்கு மடங்கு. அதிகச் சுமையில் இன்ஜின் சற்றுச் சிக்கனமாக எரிக்கும் என்பதால் பெட்ரோல் செலவு முழுதாக அந்த அளவு ஏறாது. ஆனால் ஏறாமலும் இருக்காது. அப்படியானால் 20இல் ஊர்ந்தால் மிச்சமா என்றால் அதுவும் இல்லை. மெதுவாகப் போகும்போது ஒரு கிலோமீட்டரைக் கடக்க இன்ஜின் அதிக நேரம் சுழல்கிறது. அதன் உள் உராய்வே பெட்ரோலைத் தின்னும். அதனால்தான் பெரும்பாலான கார்களுக்கு 50 முதல் 80 வரையான சீரான வேகம் கட்டுப்படியாகிறது.

டூவீலருக்கு இந்தக் கணக்கு இன்னும் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. எடை குறைவு என்பதால் டயர் உராய்வும் குறைவு. ஓட்டுபவரோ நெஞ்சை நிமிர்த்திக் காற்றை எதிர்கொள்கிறார். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போதே காற்று டயரை முந்திவிடும். கார் கூரையில் காலியாகக் கிடக்கும் கேரியரும் இதே கதைதான். எடை பார்த்தால் ஒன்றுமில்லை, ஆனால் நெடுஞ்சாலையில் அதற்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போடுகிறோம்.